மழைக்கு வீங்கின கட்டை

பியானோ சுருதி நானூத்தி நாற்பத்திரெண்டு ஹெர்ட்ஸ்ல வேணுமாம் துரைக்கு. ஊர் உலகமெல்லாம் நானூத்தி நாற்பதுல சுருதி வெச்சுக்கிட்டு ஒழுங்காத்தானே இருக்கு, இவருக்கு மட்டும் ரெண்டு தூக்கலா வேணும். ஜப்பான்ல அப்படித்தான் ஆன்ட்டி, சார் காது ரொம்ப நுணுக்கம் ஆன்ட்டின்னு மிருதுளா சொல்லிட்டுப் போகுது. நல்ல பொண்ணுதான், ஜப்பான் பாஷை படிச்ச பொண்ணு, இந்தக் கச்சேரிக்கு ஏற்பாடு பண்றதும் அதுதான், ராத்திரி மேடையில அவருக்கு மொழிபெயர்க்கப் போறதும் அதுதான். காது நுணுக்கம்னு எனக்குச் சொல்லிக் குடுக்குது. எனக்குத் தெரியாததா அந்தக் காது? மணி ரெண்டு. நாலரைக்கு வந்து வாசிச்சுப் பார்ப்பாராம், ஏழு மணிக்குக் கச்சேரி. வெளியில மழை, உள்ள ஏசி, காலி நாற்காலி அறுநூறு, நடுவுல இந்தக் கறுப்புப் பியானோ, நான், என் பை. எங்க ஆரம்பிக்கணும்? நடு ஸியை ஒண்ணுன்னு வெச்சு எண்ணினா ஆறாவது வெள்ளைக் கட்டை. ஏ. எந்தப் பியானோவுக்கும் அதுதான் பிள்ளையார் சுழி, அதைச் சரி பண்ணிட்டு அதை வெச்சுத்தான் மத்த எண்பத்தேழையும் சரி பண்ணணும். அந்த ஏ. கர்த்தரே, எத்தனை கட்டை இருக்கு, அதுலயா போய் வீங்கணும் அன்னைக்கு. மூணு கம்பி இதுக்கு, ரெண்டை ரப்பர் ஆப்பு வெச்சு அடைச்சுட்டு நடுக் கம்பியை முதல்ல. சுருதிச் சாவியைப் போட்டுத் திருகு, ஒரு இம்மி. இன்னும் ஒரு இம்மி. போதும். பையில சாவி இருக்கு, ஆப்பு இருக்கு, இடுக்கி இருக்கு, பழைய இங்க் ஃபில்லர் ஒண்ணும் இருக்கு, அதுல தண்ணி. ஒரு சொட்டுப் போதும். கட்டைக்கு அடியில சின்னதா ஒரு கம்பளித் துணி இருக்கும், அதுல ஒரு சொட்டு விட்டா அரை மணியில ஊறி, கட்டை போனது போன இடத்துல நிக்கும், மேல வராது. விடலாமா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல. பொய். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவு பண்ணியாச்சு, இல்லேன்னா ஃபில்லரை எதுக்கு எடுத்து வெச்சேன்.

சேர்த்தாச்சு ஏ. இனி இதுல இருந்து கீழ, இதுல இருந்து மேல, கை தானா போகுது, மனசு போக வேண்டாம். மனசு எங்க போகும், அங்கதான் போகும். மினெகிஷி தெத்சுரோ. எங்க ஹோட்டல் சர்வர் தங்கப்பனுக்கு அந்தப் பேரு வாயில நுழையல, மீனாட்சி சார் மீனாட்சி சார்னே கூப்பிடுவான், அந்த ஆளும் தலையைக் குனிஞ்சு குனிஞ்சு ஹாய் ஹாய்ம்பாரு, அவங்க பாஷையில ஆமாவாம். எண்பத்திமூணு நவம்பர். மவுண்ட் ரோட்டுல அந்த ஹோட்டல், இப்ப இடிச்சுட்டு வேற என்னமோ கட்டிட்டான், அதுல நான் நாலு மணியில இருந்து ஏழு மணி வரைக்கும் பியானோ வாசிக்கணும், டீயும் கட்லெட்டும் சாப்பிடுறவங்களுக்கு. எனக்கு இருபத்தஞ்சு வயசு. பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் ரூபி தனபாக்கியம், ஹோட்டல்ல பியானோ வாசிக்கிறாளாம்னு எங்க சர்ச்சுல பாதிப் பேரு எங்கிட்ட பேச்சையே நிறுத்தியிருந்தாங்க. அந்த ஆளு கச்சேரிக்குன்னு வந்தவரு, மூணு கச்சேரி, மழையில மூணும் ரத்து, ரயில் இல்லை, பிளேன் இல்லை, பதினோரு நாள் அந்த ஹோட்டல்ல அடைஞ்சு கிடந்தாரு. அப்ப அவர் யாரு? ஒண்ணுமில்லை. முப்பத்திமூணு வயசு, கைமாறிக் கைமாறி வந்த கோட்டு, எவனோ வர மாட்டேன்னு சொன்னதால அனுப்பி வெச்ச ஆளு. எல்லாம் எனக்குத் தெரியும். அவரு ஜாதகமே என் கையில. பொறந்தது யோகோஹாமா, அப்பா துறைமுகத்துல மூட்டை தூக்கினவரு, அம்மா இவருக்கு ஆறு வயசுல போய்ச் சேர்ந்தாங்க. பதிமூணு வயசுல ஒரு காப்பிக் கடையில கோப்பை கழுவினாரு. காப்பிக் கடைன்னா நம்ம டீக்கடை இல்லை, ஜாஸ் ரெகார்டு போடுற கடை, உள்ள வந்து உட்கார்ந்தா வாயைத் திறக்கக் கூடாது, பேசினா முதலாளி வெளிய அனுப்பிடுவானாம், ஒரு காப்பியை வெச்சுக்கிட்டு மூணு மணி நேரம் செத்த பொணம் மாதிரி உட்கார்ந்து கேக்கணும். அப்படிக் கேட்டுக் கேட்டுப் பழகின காது. பியானோ வாங்க வழியில்லாம அட்டையில கட்டை வரைஞ்சு வெச்சு விரல் பழகினவரு. ஒரு தரம் கேட்டா போதும், அப்படியே பிடிச்சுக்குவாரு. அதான் சொன்னேனே, எனக்குத் தெரியாததா அந்தக் காதுன்னு. அமெரிக்காக்காரன் கிளப்புல வாசிச்சது, நியூயார்க் போனது, அங்க எவனும் சீந்தாம திரும்பி வந்தது, பொண்டாட்டி விட்டுட்டுப் போனது, எல்லாம் மனப்பாடம். மாமியார்கூட மருமகளை இவ்வளவு நோட்டம் விட்டிருக்க மாட்டா. அவரோட ரசிகன் எவனாவது வந்து எங்கிட்ட பரீட்சை வைக்கட்டும், நூத்துக்கு நூறு வாங்குவேன்.

இந்த டி கம்பி கொஞ்சம் துரு. மழைக்காலத்துல மெட்ராஸ்ல பியானோ வெச்சிருக்கிறதும் மடியில பூனையை வெச்சுக்கிட்டு சகுனம் பாக்குறதும் ஒண்ணுதான். ஹோட்டல் பியானோவும் அப்படித்தான், அக்டோபர் பொறந்தா அந்த ஏ கட்டை வீங்கிக்கும். அமுக்கினா உள்ள போகும், வராது. விரலால நோண்டி எடுக்கணும், எடுத்தா டீ குடிக்கிறவங்க சிரிப்பாங்க. மேனேஜர்கிட்ட சொன்னா, ரூபி, அந்த ஒண்ணை விட்டுட்டு வாசியேன், எண்பத்தேழு இருக்கேம்மான்னாரு. விட்டுட்டே வாசிச்சேன். மத்த பாட்டுலயெல்லாம் வேற எதையாவது போட்டு ஒப்பேத்திடலாம். என் பாட்டுல முடியாது. என் பாட்டுன்னா நானே போட்டது. குவார்ட்டர்ஸ் வராந்தாவுல கொடி கட்டித் துணி காயப் போட்டிருப்போம், மழைக்கு நாலு நாளானாலும் காயாது, அம்மா ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டுப் போவாங்க, காயல, காயல, இது காயல. அந்தக் கை போற போக்குதான் பாட்டு. முந்தின வருஷத்து மழையை நினைச்சுப் போட்டது, ஈரத்துணின்னு பேரு வெச்சேன். மூணாவது வரி முடியிற இடத்துல அந்த ஏ வரணும். மழை நாள்ல அது இல்லை, அதனால அந்த இடத்துல ஒண்ணும் வாசிக்காம காலால ஒரு தட்டுத் தட்டிட்டு அடுத்த வரிக்குப் போயிடுவேன். அவ்வளவுதான் விஷயம். கட்டை மழைக்கு வீங்கிச்சு, நான் காலைத் தட்டினேன். பதினோரு நாளும் அந்த ஆளு பக்கத்து மேசையில டீயை ஆறவிட்டுட்டு வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்தாரு. நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ கிட்ட வந்து அரைகுறை இங்கிலீஷ்ல இது யார் பாட்டுன்னாரு. என்னோடதுன்னேன். வெட்கம் வேற பட்டுத் தொலைச்சேன். இன்னொரு தரம்னாரு. வாசிச்சேன். இன்னொரு தரம். தினம் நாலு தரம் வாசிச்சேன். உலகத்துலயே என் பாட்டை ஒருத்தர் கேக்குறாருன்னு. ஊட்டி ஊட்டிக் குடுத்திருக்கேன் கர்த்தரே, கறிவேப்பிலையைக்கூட பொறுக்கி எடுத்துட்டு ஊட்டின மாதிரி.

மணி மூணு. மிருதுளா எட்டிப் பாக்குது, காபி வேணுமா ஆன்ட்டி. வேணாம்மா. சாரோட ஃபேமஸ் பீஸ் கேட்டிருக்கீங்களா ஆன்ட்டி, மெட்ராஸ் சைலன்ஸ், நம்ம ஊரு பேரு ஆன்ட்டி, அதுல ஒரு கேப் விடுவாரு பாருங்க, எனக்கு அழுகையே வந்துடும். கேட்டிருக்கேன்னேன். வேற என்ன சொல்ல. தொண்ணூத்தியொண்ணுல வேப்பேரியில லெஸ்லி வீட்டுல கேட்டேன், எங்க ஹோட்டல்ல ராத்திரி பேண்டுல டிரம்ஸ் அடிச்ச லெஸ்லி. சிங்கப்பூர்ல இருந்து கேசட்டு வந்திருக்கு ரூபி, இப்ப உலகமே இந்தாளு பின்னாடிதான் போகுது, கேளுன்னு போட்டான். முதல் வரியிலயே கப்பைக் கீழ வெச்சுட்டேன். மூணாவது வரி. அந்த இடம். ஒண்ணும் இல்லை. காலி. அந்த மினெகிஷி வாசிக்கிறது எப்படிப்பட்ட பியானோ, கண்ணாடி மாதிரி, எண்பத்தெட்டும் ஜோரா வேலை செய்யுது, அதுல போய் என் ஓட்டைப் பியானோவோட ஓட்டையையும் சேர்த்துத் திருடி வெச்சிருக்கான். லெஸ்லி, இது என் பாட்டுடான்னேன். ஆமா, தாஜ்மஹால் எங்க தாத்தா கட்டினதுன்னு சிரிச்சான். லெஸ்லி ஏழு மணிக்கு மேலதான் வருவான், நான் வாசிச்சு அவன் கேட்டதில்லை. தங்கப்பன் கேட்டிருக்கான். மீனாட்சி சார் திருடிட்டாரும்மான்னு தங்கப்பன் வந்து சாட்சி சொன்னா எந்த கோர்ட்டு கேக்கும். அந்த ரெகார்டு கம்பெனிக்கு மூணு லெட்டர் போட்டேன். மூணாவதுக்குப் பதில் வந்துச்சு. அவரு போட்டோ, அதுல கையெழுத்து, உங்கள் அன்புக்கு நன்றின்னு அச்சடிச்ச ஒரு சீட்டு. அதைக் கிழிச்சுப் போடல. பீரோவுல வெச்சிருக்கேன், கோபம் கொறையுற மாதிரி இருந்தா எடுத்துப் பார்த்துக்குவேன்.

மேல் பக்கம் முடிஞ்சுது, இனி கீழ. விரல் முட்டி வலிக்குது. ஹோட்டல்ல பியானோவை வித்துட்டு எலக்ட்ரானிக் கீபோர்டு வாங்கினதோட என் வேலை போச்சு, அப்புறம் சர்ச் சர்ச்சா, ஸ்கூல் ஸ்கூலா சாவியைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சாச்சு, அடுத்தவங்க வாசிக்க சுருதி சேர்த்துக் குடுக்குற பொழப்பு. அவருக்கு? அந்தப் பாட்டுக்கு அப்புறம் ஏறுமுகம்தான். பரிசு, பட்டம், காலேஜ்ல பாடம், எட்டு வருஷம் முன்னாடி பக்கவாதம் வந்து இடது கையில ரெண்டு விரல் சரியா வராதாம், அதுக்கும் ஒரு கைத்தட்டு. வயிறு எரியுது. சரி அதையெல்லாம்கூட விட்டுடுவேன். அந்த டாக்குமெண்டரி. போன வருஷம் போன்ல பார்த்தேன், கீழ இங்கிலீஷ்ல எழுத்து ஓடுது. அந்த மௌனம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்குறாங்க. இந்த மனுஷன் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றாரு, எனக்கு ஆறு வயசுல எங்கம்மா செத்துப் போனாங்க, சாயங்காலம் வாசல்ல நின்னு என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க, அந்தக் குரல் நின்னு போன இடம்தான் அதுன்னு. ஒரு பேராசிரியர் வர்றாரு, இது ஜென் தத்துவம்ங்கிறாரு, வெறுமையே முழுமைங்கிறாரு. அடப்பாவிகளா! அது ஜென்னும் இல்லை பன்னும் இல்லைடா, மழைக்கு வீங்கின கட்டைடா! செத்துப்போன தாயை எதுக்குய்யா இதுல இழுக்குறே? காயாத துணியைத் தொட்டுப் பார்த்தது எங்கம்மாய்யா. சொல்லும்போது அவரு கண்ணுல தண்ணி வருது. அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்துச்சு. நடிப்பு இல்லை அது. அப்ப நிஜமாவே அப்படித்தான் நம்புறாரா? நம்புறவனை என்ன பண்றது? அதுக்கும் மேல ஒண்ணு, இதை யார்கிட்டயும் சொன்னதில்லை, ராத்திரி படுத்துக்கிட்டிருக்கும்போது நெஞ்சுக்குள்ள எறும்பு மாதிரி ஊரும், ஒருவேளை நான்தான் தப்போ? நாற்பத்தொரு வருஷம் ஆச்சே, ஒருவேளை அவரு வாசிச்சதை நான் கேட்டுட்டு என்னோடதுன்னு நினைச்சுக்கிட்டேனோ? சாட்சி யாரு எனக்கு? தங்கப்பனும் போயிட்டான், அம்மாவும் போயிட்டாங்க, ஹோட்டலும் போச்சு. பாஸ்டர்கிட்ட ஜாடையா ஒரு தரம் கேட்டேன். பழியை ஆண்டவர்கிட்ட விட்டுடு சிஸ்டர்னாரு. விட்டுத்தான் பார்த்தேன். அவருக்கு ஆயிரம் வேலை.

மூணே முக்கால். எண்பத்தெட்டும் சேர்ந்தாச்சு, இப்படி ஒரு சுருதியில இந்தப் பியானோ பொறந்ததுல இருந்து நின்னிருக்காது, அதுல குறை வைக்க மாட்டேன், கை எனக்குச் சோறு போடுற கை. இப்ப ஃபில்லரை எடு. முன் பலகையைக் கழட்டு, இழு, ஏ கட்டையைத் தூக்கு, அந்தா கம்பளி, சிவப்பா, சட்டைப் பட்டன் அளவுகூட இல்லை. ஒரு சொட்டு. இன்னும் ஒரு சொட்டு. மூடு. இன்னைக்கு இவரு எந்தப் பாட்டை எடுத்தாலும் ஏ வேணும். ஏ இல்லாம எவன் வாசிப்பான்? அமுக்கினா உள்ள போய் உட்கார்ந்துக்கும், அறுநூறு பேரு முன்னாடி நோண்டி எடுக்கட்டும். ஒரே ஒரு பாட்டைத்தான் இந்தப் பியானோவுல இன்னைக்குக் குறையில்லாம வாசிக்க முடியும். அந்த ஏ இருக்குற இடத்தைக் காலியா விட்டுட்டு வாசிக்கிற என் பாட்டை. வாசிடா ராசா, வேற வழியே இல்லாம ராத்திரி பூரா அதையே வாசி. சிரிப்பு வருது எனக்கு. பையை மூடிட்டு முதல் வரிசையில உட்கார்ந்துட்டேன். போகச் சொன்னாங்க, போகல.

வந்துட்டாரு. இவ்வளவு குட்டியா? தலையில கம்பளித் தொப்பி, இடது கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு, ஷூவைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்குறாரு. ட்யூனர் ரூபி ஆன்ட்டின்னு மிருதுளா சொல்லுச்சு போல, என் பக்கம் திரும்பித் தலை குனிஞ்சாரு, அன்னைக்குக் குனிஞ்ச அதே மாதிரி. கண்ணுல ஒண்ணுமில்லை. தெரியல என்னை. தெரிஞ்சிருந்தா என்ன, ஆனாலும் எங்கயோ சுருக்குன்னுது. உட்கார்ந்தாரு. நேரா ஏ. போச்சு உள்ள. வரல. விரலை எடுத்துப் பார்த்தாரு. நகத்தால நோண்டி எடுத்துட்டு இன்னொரு தரம் அமுக்கினாரு. போச்சு. என்ன பண்ணுவாரு, கத்துவாரா? சிரிச்சாரு! சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் கிடைச்ச மாதிரி சிரிச்சாரு. ஜப்பான்ல மடமடன்னு என்னமோ சொல்றாரு. மிருதுளா ஓடி வருது. ஆன்ட்டி ஆன்ட்டி, இதை ரிப்பேர் பண்ண வேணாமாம், அப்படியே விட்டுடணுமாம், இன்னைக்குக் கச்சேரி முழுக்க இந்த நோட் இல்லாமலே வாசிக்கப் போறாராம், மெட்ராஸ் மழை எனக்குக் குடுத்த பரிசுன்னு சொல்றாரு ஆன்ட்டி, நான் இதை ஸ்டேஜ்ல அனவுன்ஸ் பண்ணப் போறேன். அய்யோ. அய்யோ! திருடனுக்கு நானே தாம்பூலம் வெச்சுக் குடுத்துட்டேனே. நாளைக்குப் பேப்பர்ல இதையும் போடுவான், இதுக்கும் ஒரு பேராசிரியர் வருவாரு. அந்த ஆளு இன்னும் பேசிக்கிட்டே இருக்காரு, மிருதுளா எனக்குச் சொல்லிக்கிட்டே இருக்கு. ரொம்ப வருஷம் முன்னாடி இந்த ஊருல ஒரு ஹோட்டல்ல இதே மாதிரி ஒரு பியானோ இருந்துச்சாம் ஆன்ட்டி. எந்திரிச்சேன். அதை யாரு வாசிப்பாங்கன்னு கேளும்மா. கேட்டுச்சு. அவரு கூரையைப் பார்த்தாரு, யோசிச்சாரு, நிஜமாவே யோசிச்சாரு. ஹோட்டல் பொண்ணு ஒருத்தியாம் ஆன்ட்டி, பேரு ஞாபகம் இல்லையாம். நல்ல காதாம் அவளுக்கு. இவரு வாசிக்கிறதைக் கேட்டுக் கேட்டு அப்படியே பிடிச்சுக்குவாளாம்.

காது ரெண்டும் அடைச்சுப் போச்சு எனக்கு. மேடையில ஏறினது தெரியும். ஆன்ட்டி, சார் வேணாம்னு சொல்றாரேன்னு மிருதுளா கையைப் பிடிச்சது தெரியும். கெட்ட கட்டையை விட்டுட்டுப் போற வழக்கம் எனக்கு இல்லைன்னு சொல்லும்மா, இது என் வேலை, கொஞ்சம் நகரச் சொல்லு. நகர்ந்தாரு. பலகையைக் கழட்டினேன். ஈரத்தைப் பஞ்சால ஒத்தி எடுத்தேன், மழைக்காலத்துக்குன்னு பையில வெச்சிருக்கிற ஹேர் டிரையர் காத்து, இடுக்கியால ஒரு அமுக்கு. விட்டா எழும்புது. அமுக்கினேன், விட்டேன், எழும்புது. நாற்காலி சூடா இருந்துச்சு, அவரு உட்கார்ந்த சூடு. உட்கார்ந்தேன். எத்தனை வருஷமாச்சு வாசிச்சு. முதல் வரி. பின்னாடி அவரு என்னமோ சந்தோஷமா சொன்னாரு, என் பாட்டு இந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கேன்னு சொல்லியிருப்பாரு. ரெண்டாவது வரி. காயல, காயல. முட்டி வலி தெரியல. மூணாவது வரி, இது காயல, அந்த இடம் வருது, அவரு மூச்சை இழுத்துப் பிடிக்கிறது கேக்குது, உலகம் பூரா அந்த இடத்துல மூச்சைப் பிடிக்குமே, அந்த மாதிரி. ஏ. அமுக்கினேன். முழுசா, நிதானமா, நானூத்தி நாற்பத்திரெண்டுல. செப்டம்பர்ல, மழை வர்றதுக்கு முன்னாடி, எங்க சர்ச் பியானோவுல முதல்முதலா அதைப் போட்டப்ப இருந்துச்சே, அங்கயே இருந்துச்சு, எங்கயும் போகல. மூடி பொருந்தின டப்பா மாதிரி பாட்டு டக்குன்னு மூடிக்கிச்சு. காயாத துணிக்கு நடுவுல ஒரே ஒரு துணி மட்டும் காஞ்சிருக்கும், அம்மா அதை முகத்துல வெச்சுப் பாப்பாங்க. நெஞ்சுக்குள்ள ஊர்ந்த அந்த எறும்பு செத்துப் போச்சு. அது இல்லாம அந்தப் பாட்டு நொண்டி. நாற்பது வருஷமா இந்த ஆளு நொண்டியைத்தான் நடத்திக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காரு ஊர் ஊரா.

திரும்பிப் பார்த்தேன். தொப்பி கையில இருக்கு. இடது கை பாக்கெட்டுல இருந்து வெளிய வந்திருக்கு. மெதுவா என்னமோ கேட்டாரு. மிருதுளா என் பக்கம் திரும்புச்சு. அந்த நோட் யாருதுன்னு கேக்குறாரு ஆன்ட்டி. நான் பொறுமையாத்தான் சொன்னேன். மழை விட்டப்புறம் வாசிக்கிறதுன்னு சொல்லும்மா. ஐயா இருந்த பதினோரு நாளும் மழை, கட்டை வீங்கியிருந்துச்சு, அதனால அவரு கேக்கல. நான் ஈரத்துணி ரூபின்னு சொல்லு. சொல்லுச்சு. ஒவ்வொரு வார்த்தையா அவரு முகத்துல போய் இறங்குறதைப் பார்த்துக்கிட்டே நின்னேன், நாற்பத்தொரு வருஷம் காத்துக்கிட்டிருந்தவ, கண்ணைச் சிமிட்டுவேனா? திருடனுக்குத் தேள் கொட்டினா கத்த முடியாதும்பாங்க. கத்தல. குனியக்கூட இல்லை. என்னையே பார்த்தாரு, இப்ப தெரியுது, நல்லாத் தெரியுது. நான் சாவி, ஆப்பு, இடுக்கி எல்லாத்தையும் எண்ணிப் பைக்குள்ள போட்டேன். ஃபில்லரை மட்டும் பியானோ மேலயே விட்டுட்டேன். வர்றேன் மிருதுளா.

வாசல்ல மழை கொட்டுது, ஆட்டோ ஒண்ணும் வரல, கதவு சரியாச் சாத்தல, உள்ள இருந்து கேக்குது. ஆரம்பிச்சுட்டாரு. முதல் வரி. கை நல்ல கைதான், அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரெண்டாவது. மூணாவது. அந்த இடம். நின்னு போச்சு. மௌனம் இல்லை இது, நின்னு போச்சு. திரும்ப முதல்ல இருந்து. அந்த இடத்துல கட்டையை அமுக்கினா என்னோடதுன்னு ஆயிடும், அமுக்கலேன்னா உள்ளுக்குள்ள கேக்கும், ஒரு தரம் கேட்டா மறக்காத காதாச்சே. திரும்ப நின்னுச்சு. இனி அங்க அவங்கம்மா வரமாட்டாங்க, என்னோட ஏ கட்டைதான் வரும், டோக்கியோவுக்குப் போனாலும் வரும், சாகுற வரைக்கும் வரும். மூணாவது தரம் ஆரம்பிச்சாரு. ரெண்டாவது வரியிலயே விட்டுட்டாரு. ஆட்டோ வந்து நின்னுச்சு. எங்க போகணும்மான்னாரு டிரைவர். பெரம்பூர்னேன், ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம், மீட்டர் போடுங்க.